‘வலி இல்லீங்க, பாரமா இருக்கு’: பெண்களின் நெஞ்சு நோவுக்குச் சரியான காரணத்தைக் கண்டறிய

இதைப் படிக்கிற நேரத்திலேயே நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ இருந்து, ஓய்வாக உட்கார்ந்தும் ஐந்து பத்து நிமிடத்தில் விடவில்லையா? கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம், குமட்டல் இருக்கிறதா? மேலே படிக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வாசல் கதவைத் திறந்து வைத்து உட்காருங்கள். குளித்துவிட்டுப் போகலாம், புடவை மாற்றிக்கொள்ளலாம், வீட்டுக்காரர் வரட்டும் என்று தள்ளிப்போடுவதில்தான் பெண்கள் பெரும்பாலும் நேரத்தை இழக்கிறார்கள். பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து போகவே கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவோ இல்லாதவர்கள் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். வலி முதுகைக் கிழிப்பதுபோல் இருந்தால் அதுவும் வேண்டாம். பெரிய ரத்தக் குழாயே கிழிகிற நோயில் ஆஸ்பிரின் ஆபத்து. மாமனாருக்கு எழுதிக் கொடுத்த, ரத்தக் குழாயைத் தளர்த்தும் நெஞ்சு வலி மாத்திரையான சார்பிட்ரேட்டை எடுத்து நாக்கடியில் வைக்காதீர்கள். பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது மேலும் இறக்கி மயங்கி விழச் செய்யும்.

தமிழ்நாட்டில் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் அங்கே போங்கள். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்பு சந்தேகம் உள்ளவர்களுக்கு அங்கேயே முதல் தவணை மருந்தைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, க்ளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு என்று மொத்தம் 14 மாத்திரை. வீட்டில் நீங்கள் ஏற்கெனவே ஆஸ்பிரின் மென்றிருந்தால் அதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி வருவது, அவசரம் இல்லாத, ஆனால் மாதக்கணக்காக வந்து வந்து போகிற நெஞ்சுத் தொல்லைக்கு. ‘கேஸ்’, ‘டென்ஷன்’, ‘மாதவிடாய் நிற்கிற காலம், அப்படித்தான் இருக்கும்’ என்று மூன்று பதில்களைக் கேட்டுவிட்டு, அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசால் மாத்திரையோடு வீடு திரும்பியவர்களுக்கு.

‘வலி’ என்ற சொல்லில் தொடங்கும் சிக்கல்

புறநோயாளிப் பிரிவில் டாக்டர் கேட்பார்: “நெஞ்சு வலி இருக்காம்மா?” பதில்: “வலின்னு இல்லீங்க டாக்டர், ஒரு மாதிரி பாரமா இருக்கு. இங்க வந்து அடைக்குது.” சீட்டில் ஏறுவது: நெஞ்சு வலி இல்லை. அடுத்து பார்க்கும் டாக்டர் அந்த வரியைத்தான் படிப்பார். அதற்குப் பிறகு இசிஜி எடுக்கச் சொல்வதற்கே காரணம் இருக்காது.

நம் பேச்சில் வலி என்றால் குத்தல், கடுப்பு, வெட்டு விழுந்ததுபோன்ற ஒன்று. இதயத்துக்கு ரத்தம் பற்றாமல் வரும் ஆஞ்சைனா பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. கல்லைத் தூக்கி வைத்ததுபோல் பாரம், ரவிக்கை திடீரென்று சிறுத்துவிட்டதுபோல் இறுக்கம், தொண்டைக்குழியில் அடைப்பு, எரிச்சல், தாடையில் இழுப்பு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் பிடிப்பு என்றுதான் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதுகூட இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலாகவும் அசதியாகவும் வரும். பெண்களுக்கு நெஞ்சு அறிகுறியே வராது என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது தவறு. மாரடைப்பில் ஆண்களைப் போலவே பெண்களுக்கும் நெஞ்சில் வரும் தொல்லைதான் முதன்மையான அறிகுறி. ஆனால் கூடவே குமட்டல், மூச்சு வாங்குதல், முதுகு வலி, தாடை வலி, அளவுக்கு மீறிய களைப்பு என்று நாலைந்து சேர்ந்து வருவது பெண்களிடம் அதிகம். அந்தக் கூட்டத்தில் நெஞ்சு அமுங்கிப் போகிறது. நோயாளி முதலில் சொல்வது களைப்பையும் முதுகையும். சீட்டில் முதலில் ஏறுவதும் அதுதான்.

ஆகவே வாயைத் திறந்ததும் முதல் வாக்கியம் நெஞ்சைப் பற்றியதாக இருக்கட்டும். இப்படி: “டாக்டர், நெஞ்சு நடுவுல அழுத்துது. மாடி ஏறினா வருது, நின்னா அஞ்சு நிமிஷத்துல விட்டுடுது. ரெண்டு மாசமா இருக்கு.” எங்கே, எப்போது வருகிறது, எப்போது விடுகிறது, எத்தனை நாளாக என்று நான்கு செய்தி இதில் இருக்கிறது. உழைப்பாலோ மன அதிர்ச்சியாலோ வந்து, ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் விடுவது ஆஞ்சைனாவின் அடையாளம் என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். ‘மாடி ஏறினால்’ என்ற ஒரு சொல் சேர்ந்தாலே கேள்விகளின் போக்கு மாறும். களைப்பு, தூக்கமின்மை, குடும்பக் கவலை எல்லாம் உண்மைதான், அவற்றையும் சொல்ல வேண்டும். ஆனால் அவற்றை முன்னால் வைத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று. “இப்பல்லாம் வர்றதில்லீங்க” என்று பலர் சொல்வார்கள், அதுவும் பொய்யில்லை. ஆறு மாதமாகக் குடத்தில் தண்ணீர் தூக்குவதை மகள் பார்த்துக்கொள்கிறாள், மாடிக்குத் துணி காயப்போடப் போவதில்லை, கோயிலுக்கு ஆட்டோவில் போகிறார்கள். தொல்லை வராதபடி வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள். ‘ஆறு மாதத்துக்கு முன் செய்து, இப்போது விட்டுவிட்ட வேலைகள் எவை?’ என்று உங்களையே கேட்டு அந்தப் பட்டியலை டாக்டரிடம் சொல்லுங்கள். நடையின் வேகம் குறைந்ததும் அதில் சேர வேண்டும்.

இரண்டு வாரக் குறிப்பு

ஒரு பக்கத் தாள் போதும். நினைவிலிருந்து மொத்தமாக எழுதாமல், ஒவ்வொரு முறை வந்ததும் எழுதுங்கள். நல்ல குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்:

“செவ்வாய், காலை 6.20. ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். இரண்டாவது வளைவில் நெஞ்சு நடுவில் இறுக்கம், இடது தாடை வரை. மூச்சு வாங்கியது. வாளியை இறக்கிவிட்டு நின்றேன். 4 நிமிடத்தில் விட்டது. வெறும் வயிறு. நாடித் துடிப்பு 112.”

“வியாழன், இரவு 8.45. சாப்பிட்டு முடித்து எழுந்து பாத்திரம் துலக்கும்போது நெஞ்சு எரிச்சல், ஏப்பம். உட்கார்ந்ததும் 6 நிமிடத்தில் குறைந்தது. ஜெலுசில் குடிக்கவில்லை.”

இரண்டாவது குறிப்பைக் கவனியுங்கள். சாப்பிட்டதும் வந்தது, ஏப்பம் வேறு. ‘கேஸ்’ என்று எவரும் சொல்வார்கள். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் இதயம் கூடுதலாக உழைக்கிறது. அந்த நேரத்தில் எழுந்து வேலை செய்தால் ஆஞ்சைனா எளிதில் தலைகாட்டும். வாயுத் தொல்லையும் புளித்த ஏப்பமும் பெரும்பாலும் படுத்தால், குனிந்தால் கூடும். நடந்தால் கூடி, நின்றால் குறைவது இரைப்பையின் குணம் அல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு: ஜெலுசில் குடித்ததும் குறைந்தது என்பதை வைத்து இதயம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சார்பிட்ரேட் வைத்ததும் குறைந்தது என்பதை வைத்து இதயம்தான் என்றும் சொல்ல முடியாது. அந்த மருந்து உணவுக்குழாய் இழுப்பையும் தளர்த்தும்.

வியர்வையையும் பிரித்து எழுதுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு மார்பிலிருந்து முகத்துக்கு ஏறி, தோல் சிவந்து வியர்க்கும். இதயத் தொல்லையின் வியர்வையில் உடம்பு சில்லிட்டு, நெற்றி பிசுபிசுக்கும்.

விரல் நுனியால் ‘இதோ இந்த இடம்’ என்று தொட்டுக் காட்டக்கூடிய, ஓரிரு நொடி சுருக்கென்று குத்திவிட்டுப் போகிற, மூச்சை இழுத்தால் கூடுகிற வலி இதயத்திலிருந்து வரும் வாய்ப்பு குறைவு. அதையும் எழுதுங்கள். உண்மை எந்தப் பக்கம் இருந்தாலும் குறிப்புதான் காட்டும். ஓய்வாக இருக்கும்போது, குறிப்பாக விடியற்காலையில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற இறுக்கம் வந்தால் நேரத்தின் கீழ் கோடு போட்டு வையுங்கள். ரத்தக் குழாய் சுருங்கி வரும் ஆஞ்சைனாவுக்கு அது முக்கியத் தடயம். ஒற்றைத் தலைவலி உண்டு, குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் என்றால் அதையும் சேருங்கள்.

குறிப்பின் பின்பக்கத்தில், கேட்டால்தான் வெளிவரும் செய்திகளை எழுதுங்கள். கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வரை போனதா, கர்ப்பகாலச் சர்க்கரை இருந்ததா, குறைமாதப் பிரசவமா, 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா, முடக்குவாதமோ, உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் லூபஸோ உண்டா, மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா. இவை ஒவ்வொன்றும் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. இருபது ஆண்டுக்கு முந்தைய பிரசவத்தை நெஞ்சு வலிக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. அப்பா, அண்ணன் 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு கண்டிருந்தால் அதுவும் வேண்டும். பிரசவமாகி சில வாரங்களே ஆனவர்களுக்குத் தனி எச்சரிக்கை: அந்த நேரத்து நெஞ்சு வலியில் இதய ரத்தக் குழாயின் உட்சுவர் தானாகக் கிழிவதும், காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போவதும் உண்டு. ‘பச்சை உடம்பு, வாயு’ என்று பூண்டுக் குழம்போடு விட்டுவிடக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி.

இசிஜி: எடுக்கும் விதமும் பார்க்கும் விதமும்

நெஞ்சில் ஒட்டும் ஆறு முனைகளில் நான்காவது, ஐந்தாவது விலா இடைவெளியில் இடது கழுத்தெலும்பின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே வர வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு அந்த இடம் மார்பகத்தின் அடி மடிப்பில் இருக்கிறது. கூச்சத்தால் ரவிக்கையின் மேல் இரண்டு கொக்கியை மட்டும் கழற்றினால், டெக்னீஷியனும் தயங்கி முனைகளை மேலேயே ஒட்டிவிடுவார். அப்போது அலைகள் சிறுத்து, ‘பழைய அட்டாக் வந்திருக்கும்போல’ என்று இல்லாத நோயைக் காட்டும், அல்லது இருப்பதை மறைக்கும். முன்பக்கம் முழுதாகத் திறக்கும் ரவிக்கையோ நைட்டியோ போட்டுப் போங்கள். பெண் டெக்னீஷியன் வேண்டும், திரை போடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. “மார்பைத் தூக்கிட்டு அடியில ஒட்டுங்க” என்று நீங்களே சொன்னால் அவருக்கும் சங்கடம் தீரும். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை, தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் போதும்.

தொல்லை இல்லாத நேரத்தில் எடுத்த இசிஜி சரியாக இருந்தால் அதன் பொருள் அந்தப் பத்து நொடியில் பிசகு தெரியவில்லை என்பது மட்டும்தான். ஆஞ்சைனா உள்ளவர்களில் பலருக்கும் ஓய்வில் இசிஜி சாதாரணமாகவே இருக்கும். தொல்லை இருக்கும்போதே எடுத்தது ஒன்று கிடைத்தால் அதன் மதிப்பே வேறு. வீட்டுக்கு அருகில் எந்த கிளினிக்கில், எத்தனை மணி வரை இசிஜி எடுப்பார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அவசரப் பிரிவுக்குப் போனால், நெஞ்சுத் தொல்லை என்று வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை விதி. முதல் இசிஜி சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் கூடுதல் முனைகள் ஒட்டிப் பார்த்தால் மட்டுமே தெரிகிற மாரடைப்பும் உண்டு.

எடுத்த தாளை அன்றே கைபேசியில் படம் பிடித்து, ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள். பல இடங்களில் இசிஜி வெப்பத் தாளில்தான் அச்சாகிறது. வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும், லேமினேஷன் செய்தால் முழுதும் கறுத்துவிடும். ஐந்து ஆண்டுக்கு முந்தைய இசிஜியோடு ஒப்பிட்டால்தான் ஒரு மாற்றம் புதிதா பழையதா என்று தெரியும். அந்த நேரத்தில் கையில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சுகிறது.

இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்கும் சோதனையில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. தொல்லை தொடங்கி ஒரு மணி நேரத்திலேயே எடுத்து, ‘நெகட்டிவ்’ என்று அனுப்பிவிடுவது முதல் தவறு. இதயத் தசை பாதிக்கப்பட்டு அந்தப் புரதம் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரமாகும். நுண்ணுணர்வு கூடிய புதுவகைச் சோதனையானால் 1 முதல் 3 மணி நேரம் கழித்தும், பழைய வகையானால் 3 முதல் 6 மணி நேரம் கழித்தும் இரண்டாவது முறை பார்க்க வேண்டும். அடுத்தது வரம்பு. பெண்களுக்கு இயல்பான அளவே குறைவு. பரவலாகப் பயன்படும் ஒரு ‘ட்ரோபோனின் I’ முறையில் ஆண்களுக்கு மேல் வரம்பு லிட்டருக்கு 34 நானோகிராம், பெண்களுக்கு 16. ரிப்போர்ட்டில் ஒரே வரம்பு அச்சிட்டிருந்தால், “பொம்பளைங்களுக்குத் தனி அளவு இருக்கா டாக்டர்?” என்று கேளுங்கள். ட்ரோபோனின் ஏறவில்லை என்றால் இப்போது தசை சேதமில்லை என்பது பொருள். ஆஞ்சைனா இல்லை என்று அது சொல்லவில்லை.

இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படமான எக்கோவும் அப்படித்தான். ஓய்வில் எடுக்கும் எக்கோ, இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது, வால்வுகள் எப்படி என்று காட்டும். சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய பெண்கள் நம் ஊரில் இன்னும் இருப்பதால் அது தேவையான சோதனை. ஆனால் ‘எக்கோ நார்மல், அடைப்பு இல்லை’ என்று சொன்னால், அடைப்பை எக்கோவில் நேரடியாகப் பார்க்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் பார்த்துவிட வேண்டும். ரத்தசோகையே ஆஞ்சைனாவைத் தூண்டும். ஆனால் ஹீமோகுளோபின் 8 என்றதும் தேடலை அங்கேயே நிறுத்தி இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிட்டால், பின்னால் இருக்கும் அடைப்பு தப்பித்துக்கொள்ளும்.

டிரெட்மில்லில் புடவையோடு ஏறாதீர்கள்

டிரெட்மில்லில் நடக்க வைத்து இசிஜி பார்க்கும் டிஎம்டி சோதனையில், பெரும்பாலான இடங்களில், பட்டை முதலில் மணிக்கு 2.7 கி.மீ. வேகத்தில் 10 சதவீத ஏற்றத்தில் ஓடும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை இதயத் துடிப்பு எட்ட வேண்டும். 52 வயது என்றால் 168, அதில் 85 சதவீதம் சுமார் 143. அதை எட்டாமல் நின்றுவிட்டால் சோதனை முடிவு சொல்லவில்லை என்றே பொருள். இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, இன்னொரு கையால் கம்பியைத் தொற்றிக்கொண்டு நடந்தால் நான்கு நிமிடத்தில் கால்தான் தளரும், இதயம் உழைத்திருக்காது. கம்பியில் சாய்ந்தால் உடல் எடை கைக்குப் போய்விடும். சுடிதாரோ டிராக் பேன்டோ, பிடிப்பான ஷூவோ போட்டுப் போங்கள். மேலே தளர்வான, முன்பக்கம் திறக்கும் சட்டை. இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு ஏறாது. நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தக் கூடாது.

முடிந்ததும் ரிப்போர்ட்டில் மூன்றைப் பாருங்கள்: எட்டிய அதிகபட்சத் துடிப்பு, எத்தனை நிமிடம் நடந்தீர்கள், ஏன் நிறுத்தினார்கள். ‘இன்கன்க்ளூசிவ்’ (முடிவு தெரியவில்லை) என்று எழுதியதை ‘நெகட்டிவ்’ என்று வாய்ச்சொல்லில் மாற்றிச் சொல்லும் இடங்கள் உண்டு. மூட்டு வலிக்காரர்கள் இதில் ஏறிப் பயனில்லை. மருந்து கொடுத்து இதயத்தை உழைக்க வைக்கும் டோபுடமின் ஸ்ட்ரெஸ் எக்கோ, நியூக்ளியர் ஸ்கேன், அல்லது இதய ரத்தக் குழாய்களை சிடி ஸ்கேனில் படமெடுக்கும் சிடி கரோனரி ஆஞ்சியோகிராம் கேட்கலாம். டிஎம்டி பெண்களிடம் இரு பக்கமும் தவறுகிறது. அடைப்பு இருந்தும் நெகட்டிவ் வருவதுண்டு, பெரிய குழாய்களில் அடைப்பு இல்லாமலே பாசிட்டிவ் வருவதும் உண்டு. ஆகவே அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் போக வேண்டாம்.

சிடி ஆஞ்சியோவுக்குத் துடிப்பு 60, 65-க்குள் இருந்தால் படம் தெளிவாக வரும். அதற்காக முன்கூட்டி மாத்திரை கொடுப்பார்கள். காபி, டீ வேண்டாம். குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் ஸ்கோர் பூஜ்யம் என்பது நல்ல செய்திதான். ஆனால் சுண்ணாம்பு படியாத மென்மையான கொழுப்புப் படிவை அது காட்டாது, இளம் வயதுப் பெண்களிடம் அந்த வகையும் உண்டு.

‘ஆஞ்சியோ கிளீன்’ என்ற பிறகும் வலி இருந்தால்

மிகப் பலரைக் கைவிடும் இடம் இதுதான். இதய ரத்தக் குழாய்களில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் சில மி.மீ. அகலமுள்ள பெரிய குழாய்கள்தான் தெரியும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்குழாய்கள் படத்திலேயே வராது. ஆற்றில் தண்ணீர் தடையில்லாமல் ஓடினாலும் வயலுக்குள் பாயும் கடைசி வாய்க்கால் விரிந்துகொடுக்கவில்லை என்றால் பயிர் வாடும். இதை நுண்குழாய் ஆஞ்சைனா என்கிறோம். பெரிய குழாயே சில நேரம் மட்டும் இழுத்துச் சுருங்கி, ஆஞ்சியோ மேசையில் படுத்திருக்கும்போது நல்லபடியாக விரிந்திருப்பது இன்னொரு வகை. இரண்டும் பெண்களிடம் அலட்சியப்படுத்தப்பட்டு வந்தவை. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘வைஸ்’ ஆய்வுதான், அடைப்பில்லாமல் நெஞ்சு வலியோடு வந்த பெண்கள் பலருக்கு உண்மையிலேயே ரத்த ஓட்டக் கோளாறு இருப்பதையும், அவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுவதையும் எடுத்துக் காட்டியது. ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற வாக்கியம் அவர்கள் விஷயத்தில் பொய்.

முதலில் ஆஞ்சியோ பதிவான குறுந்தகட்டையும் எழுத்து ரிப்போர்ட்டையும் வாங்கி வையுங்கள். ‘நார்மல் எபிகார்டியல் கரோனரீஸ்’ என்றால் பெரிய குழாய்கள் மட்டுமே பார்க்கப்பட்டன என்று அர்த்தம். ‘ஸ்லோ ஃப்ளோ’ என்றிருந்தால் சாயம் மெதுவாக நகர்ந்திருக்கிறது, நுண்குழாய்க் கோளாறுக்கு அது தடயம். ‘மைனர்’ அல்லது 30 சதவீத அடைப்பு என்றால் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வேண்டாமே தவிர, கொழுப்பைக் குறைக்கும் மருந்தும் பிரஷர், சர்க்கரைக் கட்டுப்பாடும் வேண்டும்.

பிறகு டாக்டரிடம் கேட்க வேண்டியது: “பெரிய குழாய்ல அடைப்பு இல்லைன்னு தெரிஞ்சுது டாக்டர். சின்னக் குழாய்லயோ, குழாய் இழுத்துப் பிடிக்கிறதாலயோ இருக்குமான்னு எப்படிப் பார்க்கிறது?” அதற்கான சோதனைகள் உள்ளன. ஆஞ்சியோவின்போதே நுண்ணிய கம்பியைச் செலுத்தி, மருந்து கொடுத்தால் ரத்த ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று அளப்பார்கள். இரண்டு மடங்குக்குக் குறைந்தால் கோளாறு. நுண்குழாய்த் தடையின் அளவீடு 25-க்கு மேல் போனாலும் அப்படியே. அசிடைல்கோலின் செலுத்திக் குழாய் சுருங்குகிறதா என்று பார்ப்பது தனிச் சோதனை. எல்லா ஊரிலும் இவை கிடைப்பதில்லை, பெரிய இதய மையங்களில் விசாரிக்க வேண்டும். உள்ளே கம்பி செலுத்தாமல் பார்க்க, மருந்து கொடுத்து எடுக்கும் இதய எம்ஆர்ஐ இருக்கிறது. அதற்கு முந்தைய நாளிலிருந்தே காபி, டீ கூடாது, குடித்திருந்தால் மருந்து வேலை செய்யாமல் சோதனை வீணாகும். தாலிச் சங்கிலியையும் மெட்டியையும் எம்ஆர்ஐ அறைக்குள் கொண்டுபோக முடியாது. கழுத்தை வெறுமையாக விட மனம் வராதவர்கள் முந்தைய நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்துக் கட்டிக்கொண்டு போகலாம். தாலியில் மாட்டி வைக்கும் ஊக்குகளை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 151 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ‘கோர்மிக்கா’ ஆய்வில், இந்தச் சோதனை முடிவைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தவர்களுக்கு, முடிவு மறைக்கப்பட்டவர்களைவிட ஆறு மாதத்தில் ஆஞ்சைனா குறைந்திருந்தது. மருந்துகள் வகைக்கேற்ப மாறுவதுதான் காரணம். நுண்குழாய் வகைக்குப் பீட்டா பிளாக்கர் நல்லது. இழுத்துச் சுருங்கும் வகைக்கு டில்டியாசெம், அம்லோடிபின் போன்றவைதான் முதல் மருந்து, அங்கே புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் நிலைமையைக் கெடுக்கவும் கூடும். சோதனைக்கு வழியில்லாத ஊரில், குறிப்பில் உள்ள நேரத்தையும் தூண்டுதலையும் வைத்து ஒரு மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்து, குறிப்பை முன்னும் பின்னும் ஒப்பிட்டு மாற்றுவதும் முறையான வைத்தியமே.

‘டென்ஷன்தான்’ என்றால்

பதற்றத்தாலும் நெஞ்சு அடைக்கும், மறுக்க வேண்டாம். படபடப்பு பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், வாயைச் சுற்றியும் விரல்களிலும் மரமரப்பு வரும், மாடிப்படிக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. ஆனால் பதற்றமும் இதய நோயும் ஒரே பெண்ணுக்கு இருக்கலாம். கோபமும் துக்கமும் ஆஞ்சைனாவைத் தூண்டுபவை. பேரிழப்பு நேர்ந்த வேளையில் இதயத்தின் நுனி பலூன்போல் உப்பிவிடும் ‘டாக்கோட்சுபோ’ என்ற நிலையை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். அது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே வருகிறது. துக்க வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருபவரை ‘அழுது அழுது இப்படி’ என்று விட்டுவிடக் கூடாது.

சண்டை போடாமல் கேட்கலாம்: “இதயம் இல்லைன்னு எந்த டெஸ்ட்டை வச்சுச் சொல்றீங்க டாக்டர்? இன்னும் பார்க்காதது ஏதாவது இருக்கா? அதைச் சீட்டுல எழுதித் தர்றீங்களா?” எழுதச் சொன்னால் பெரும்பாலான டாக்டர்கள் இன்னொரு முறை யோசிப்பார்கள். எழுதித் தந்தால் அடுத்த டாக்டர் பாதியிலிருந்து தொடங்கலாம். உழைத்தால் வருகிற தொல்லைக்கு, இசிஜிகூட எடுக்காமல் ‘ரெண்டு வாரம் கேஸ் மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்போம்’ என்பதை ஏற்க வேண்டாம்.

கூட வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “எங்கம்மா எப்பவுமே டென்ஷன் பார்ட்டி” என்று மகன் பாசத்தோடு சொல்லும் ஒரு வரி, அம்மாவின் இரண்டு வாரக் குறிப்பைச் செல்லாததாக்கிவிடும். அவர் பேசி முடிக்கட்டும். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சேருங்கள்: “கோயில் படியில ரெண்டு தடவை நின்னாங்க, முகம் வெளுத்திருந்துச்சு.” முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டி, எந்தச் சோதனை அதில் சேரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். செலவை நினைத்தே ‘எனக்குச் சரியாயிடுச்சு’ என்று சொல்லிவிடும் அம்மாக்கள் நிறைய.

காரணம் தெரிந்து மருந்து தொடங்கிய பிறகும் குறிப்பை நிறுத்தாதீர்கள். மூன்றாவது மாடியில் வந்துகொண்டிருந்தது முதல் மாடியிலேயே வந்தால், 4 நிமிடத்தில் விட்டது 12 நிமிடம் இழுத்தால், உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்திலோ புதிதாக வந்தால், அது நிலை மாறிவிட்ட ஆஞ்சைனா. அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல், குறிப்பையும் பழைய இசிஜி ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.